எச்.எம்.எஸ். கான்கரர் (1971–1990): டார்பிடோ பெரிசா, துரத்தல் பெரிசா?

#1 முத்துநகர்

ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 போரில், பிரிட்டிஷ் நீர்மூழ்கி கான்கரர் மூழ்கடித்த அர்ஜென்டினாப் போர்க்கப்பல் பெல்கிரானோ. அந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் மே 2 சாயங்காலத்துக்கு நேராகத் தாவிவிடுகிறோம். சுட்டது சரியா தப்பா என்று இரண்டு பக்கம் பிரிந்து சண்டை, அதோடு இழை பூட்டப்படும். இந்த முறை கான்கரர் என்ற நீர்மூழ்கியின் சர்வீஸ் முழுவதையும் வைத்துப் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

அடிப்படை விவரம் முதலில். சர்ச்சில் வகுப்பில் மொத்தம் மூன்று: சர்ச்சில், கான்கரர், கரேஜியஸ். அணு உலையில் ஓடுகிற தாக்குதல் நீர்மூழ்கிகள். ஏவுகணை சுமந்து ஒளிந்திருக்கிற வேலை இவற்றுக்குக் கிடையாது. எதிரிக் கப்பலையும் எதிரி நீர்மூழ்கியையும் வேட்டையாடுவதுதான் தொழில். கான்கரர் மட்டும் பர்கன்ஹெட்டில் கேமல் லேர்ட் கட்டியது. 1969 ஆகஸ்டில் தண்ணீரில் இறங்கி, 1971 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 87 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மூழ்கிய நிலையில் எடை 4,900 டன், ஆட்கள் நூறு சொச்சம், வேகம் 28 நாட், டார்பிடோக் குழாய் ஆறு.

இப்போது என் கட்சி. போரில் ஒரு கப்பலை மூழ்கடித்த முதல் அணுசக்தி நீர்மூழ்கி என்று கான்கரரைச் சொல்கிறோம். ஆனால் மூழ்கடித்த ஆயுதத்துக்கும் அணுசக்திக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மார்க் 8 டார்பிடோ, 1920-களில் பிறந்த டிசைன். குறி பார்த்து விட்டால் நேராகப் போகும், அவ்வளவுதான். அதைச் சுட ஒரு டீசல் நீர்மூழ்கி போதும். அணு உலை செய்தது வேறு வேலை: ஸ்காட்லாந்திலிருந்து உலகத்தின் அந்தக் கோடிக்கு மூன்றே வாரத்தில் கொண்டுபோய் விட்டதும், கண்ணில் பட்ட கப்பலை விடாமல் தொடர வைத்ததும். கான்கரரின் கதை பின்தொடர்கிற கதை என்பேன். சுட்டது அதில் சில நிமிஷம்.

#2 கேள்விக்குறி

அண்ணே, அப்போ கான்கரரிடம் நவீன டார்பிடோவே இல்லையா? அணு உலை இருக்கிற கப்பலில் தாத்தா காலத்து டார்பிடோ எதுக்கு?

#3 முத்துநகர்

இருந்தது தம்பி. டைகர்ஃபிஷ் என்று கம்பி வழியாக வழிநடத்துகிற டார்பிடோ. அதை நம்ப முடியாது என்பது கடற்படைக்கே தெரியும். கேப்டன் கிறிஸ்டோபர் ரெஃபர்ட்-பிரவுன் மார்க் 8-ஐ எடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, சொன்னால் சொன்னபடி ஓடும். இரண்டு, அதன் வெடிமுனை பெரியது, 350 கிலோவுக்கு மேல். எதிரே இருந்தது பக்கவாட்டில் கவசத் தகடு போட்ட குரூசர்.

அந்தக் குரூசரின் ஜாதகத்தையும் பாருங்கள். 1938-ல் அமெரிக்காவில் 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் நீரில் இறங்கியது. பேர்ல் ஹார்பர் குண்டுவீச்சில் அங்கேயே நின்று கீறல் படாமல் தப்பியது. 1951-ல் அர்ஜென்டினா வாங்கியது. கூட வந்த இரண்டு டெஸ்ட்ராயர்கள், பியெத்ரா புவெனாவும் பூஷார்தும், அவையும் இரண்டாம் உலகப் போர் காலத்து அமெரிக்கச் சரக்கு. அன்றைக்கு அந்தக் கடலில் நடந்த சண்டையில் கப்பல், துணைக் கப்பல், டார்பிடோ எல்லாமே பழசு. புதுசு என்று சொல்லக்கூடியவை டெஸ்ட்ராயர்களில் ஏற்றியிருந்த எக்ஸோசெட் ஏவுகணையும், தண்ணீருக்கு அடியில் வந்த கான்கரரும்தான்.

#4 பழைய சோனார்

நான் சர்வீஸில் இருந்தபோது சோனார் பிரிவு, அதாவது ஒலியை வைத்துத் தண்ணீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கிற வேலை. நீர்மூழ்கியைத் தேடுகிற பக்கம், ஒளிகிற பக்கம் இல்லை. அந்தக் கோணத்தில் கொஞ்சம் எழுதுகிறேன்.

'பின்தொடர்ந்தது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பெரிஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிப் போனால் வேகத்தில் பெரிஸ்கோப் தண்ணீரைக் கிழிக்கிற வெள்ளைக்கோடு தூரத்திலிருந்தே தெரியும். அதனால் ஆழத்துக்குப் போய் எதிரியைவிட வேகமாக ஓடுவார்கள். அந்த வேகத்தில் சொந்த இரைச்சலே காதை அடைக்கும், சோனாரில் பாதி விஷயம் கேட்காது. பிறகு வேகத்தைக் குறைத்து மேலே வந்து பெரிஸ்கோப்பில் ஒரு பார்வை, சோனாரில் ஒரு கேட்பு. அந்த நேரத்தில் இலக்கு முன்னே போய்விடும். மறுபடி ஆழம், மறுபடி ஓட்டம். மே 1 தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் கான்கரர் செய்தது இதைத்தான்.

டீசல் நீர்மூழ்கியால் இது முடியாது. மூழ்கிய நிலையில் முழு வேகத்தில் ஓடினால் பேட்டரி சில மணி நேரத்தில் காலி. பேட்டரி ஏற்ற ஸ்னார்க்கல் என்ற காற்றுக் குழாயை வெளியே நீட்டி டீசல் எஞ்சினைப் போட்டால் ஊருக்கே கேட்கும். பிரிட்டன் ஆனிக்ஸ் என்ற டீசல் நீர்மூழ்கியையும் அனுப்பியது. ஏப்ரல் கடைசியில் கிளம்பி, வந்து சேர மே கடைசி ஆனது. கரையோரம் ஆட்களை இறக்க அது நல்ல கப்பல். துரத்தலுக்கு ஆகாது.

முத்துநகர் சார் கட்சிதான் நானும். ஆனால் ஒரு திருத்தம்: பெல்கிரானோ தரப்பும் துரத்தலைச் சுலபமாக்கிவிட்டது. எண்ணெய்க் கப்பலிடம் எரிபொருள் வாங்கும்போதுதான் அது கான்கரர் கண்ணில் பட்டது. பிறகு ஏறத்தாழ 13 நாட் வேகத்தில், பெரிய வளைவு நெளிவு இல்லாமல் போனது. நீர்மூழ்கி இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஓடுகிற கப்பல் அப்படிப் போகாது. எங்கள் ஆட்களுக்கு 1971-க்குப் பிறகு இதைத் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வருஷப் போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்த நம் குக்ரி போர்க்கப்பல் போன விதம் எல்லாருக்கும் தெரியும்.

#5 மதுமிதா

தொழில்நுட்பம் சரி. ஆனால் 323 பேர் செத்ததை 'சில நிமிஷம்' என்று முத்துநகர் ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. மொத்தப் போரில் அர்ஜென்டினா இழந்த 649 பேரில் பாதி இது. பெல்கிரானோ, தீவுகளைச் சுற்றி பிரிட்டன் அறிவித்திருந்த 200 கடல்மைல் தடை வளையத்துக்கு வெளியே, சுமார் 35 கடல்மைல் தள்ளி இருந்தது. தீவுகளுக்கு முதுகைக் காட்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு பின்தொடர்கிற கப்பலுக்கு இது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும், இல்லையா? துரத்தல் பெரிசு என்றால் அந்தத் துரத்தல் சேர்த்த தகவலும் பெரிசுதானே?

அதை மறைக்கத்தான் லண்டனில் அவ்வளவு பாடு. 1983 மே மாதம் டயானா கூல்ட் என்ற ஆசிரியை டிவி நேரலையில் பிரதமர் தாட்சரை இந்தத் திசை விஷயத்திலேயே பிடித்துக்கொண்டு விடவில்லை. 1984-ல் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பாண்டிங், எம்.பி. டாம் டேலியலுக்கு ஆவணம் அனுப்பி மாட்டினார். 1985 பிப்ரவரியில் நீதிபதியின் போக்கு எதிராக இருந்தும் ஜூரி அவரை விடுவித்தது. கான்கரரின் கட்டுப்பாட்டு அறைப் பதிவேடே காணாமல் போயிருந்தது!

#6 முத்துநகர்

ஒதுக்கவில்லை மதுமிதா. நீங்கள் கேட்டதற்கே வருகிறேன், ஏனென்றால் அது துரத்தலின் மையத்தில் இருக்கிற கேள்வி.

தெற்கே பர்ட்வுட் பாங்க் என்று கடலுக்கடியில் ஒரு மேடு. சுற்றிலும் ஆழ்கடல், அங்கே மட்டும் தண்ணீர் கம்மி. பெல்கிரானோ திரும்பி அந்த மேட்டின் மேல் ஏறிவிட்டால் மேற்பரப்புக் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. 4,900 டன் நீர்மூழ்கி அங்கே ஆழம் போய் வேகமாக ஓட முடியாது. சொந்தத் தடமும் மேலே தெரிய ஆரம்பிக்கும். தொடர்பு அறுந்துவிடும். வடக்கே அர்ஜென்டினாவின் விமானந்தாங்கி 'வெய்ன்டிசிங்கோ தெ மாயோ' இருக்கிறது, அதைத் தேடிப் போன ஸ்ப்ளெண்டிட் நீர்மூழ்கியிடம் அது சிக்கவில்லை. நடுவில் பிரிட்டனின் விமானந்தாங்கி ஹெர்மிஸில் உட்கார்ந்திருந்த அட்மிரல் சாண்டி வுட்வர்டுக்கு இரண்டு பக்கமும் இடுக்கி. கையில் இருந்த ஒரே நூல் கான்கரர்.

நீர்மூழ்கிகள் அவர் கட்டளைக்குக் கீழ் இல்லை, லண்டன் அருகே நார்த்வுட் தலைமையகத்திலிருந்து நடத்தினார்கள். அது தெரிந்தும் நேரடியாக 'தாக்கு' என்று செயற்கைக்கோள் வழியாக கான்கரருக்கு உத்தரவு போட்டார். நார்த்வுட் அதைப் பார்த்ததும் எடுத்துவிட்டது. எடுப்பார்கள் என்று தெரிந்தேதான் போட்டார். மேலிடத்துக்கு அவசரம் உறைக்க வேண்டும் என்பது கணக்கு. அன்றைக்கே பிரதமரின் செக்கர்ஸ் மாளிகையில் போர் அமைச்சரவை கூடி, வளையத்துக்கு வெளியேயும் தாக்கலாம் என்று விதியை மாற்றியது. கான்கரரின் ஆண்டெனாக் கோளாறால் அந்த உத்தரவு முழுசாகப் புரிகிற மாதிரி கிடைக்கவே நேரம் பிடித்தது.

திசை பற்றி: பெல்கிரானோவின் கேப்டன் எக்தோர் போன்சோவே 2003-ல் சொல்லிவிட்டார், மேற்கே போனது தற்காலிகம், தாக்குவதும் தங்கள் பணியில் அடக்கம் என்று. அவர் அதைப் போர்க்குற்றம் என்றும் சொல்லவில்லை. வளையத்துக்கு வெளியே இருந்தாலும் மிரட்டலாகத் தெரிந்தால் தாக்குவோம் என்று ஏப்ரல் 23-லேயே ஸ்விஸ் தூதரகம் வழியாக எச்சரிக்கை போயிருந்தது. சட்டப்படி சரி என்பேன். அதை நாடாளுமன்றத்தில் நேராகச் சொல்லாமல் 'நம் படையை நெருங்கி வந்தது' என்ற மாதிரி பூசி மெழுகியது தப்பு. அந்தத் தப்பு கான்கரருடையது இல்லை.

#7 மதுமிதா

பெரு அதிபர் பெலாவுந்தே சமாதானத் திட்டம் நகர்த்திக்கொண்டிருந்த அதே நாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேலியலின் முக்கியக் குற்றச்சாட்டே அதுதான். லண்டனுக்கு அந்தத் திட்டம் மூழ்கடித்த பிறகே வந்து சேர்ந்தது என்பது அரசின் பதில். எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் இந்த இழையை அந்தப் பக்கம் இழுக்க மாட்டேன்.

#8 கேள்விக்குறி

சுட்ட பிறகு என்ன ஆச்சு? ஒரே அடியில் அத்தனை பேரா?

#9 பழைய சோனார்

மூன்று டார்பிடோ. ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் தூரம், அதனால் ஒரு நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்று மூக்கைப் பிய்த்துவிட்டது. அதில் சேதம் பெரிது, சாவு குறைவு. பின்பக்கம் இயந்திர அறையில் பட்டதுதான் கொன்றது, செத்தவர்களில் பெரும்பாலோர் அங்கேதான். மின்சாரம் போனது. மின்சாரம் போனால் பம்பு இல்லை, ரேடியோ இல்லை, விளக்கு இல்லை. கப்பல் போர் நிலையில் இல்லாததால் நீர்புகாக் கதவுகள் பல திறந்தே கிடந்தன, புகை உள்ளே பரவியது. இருபது நிமிஷத்தில் போன்சோ கப்பலைக் கைவிடச் சொன்னார். மூன்றாவது டார்பிடோ பூஷார்தின் மேல் வெடிக்காமல் மோதியிருக்கலாம் என்கிறார்கள்.

துணைக் கப்பல்களுக்கு உடனே புரியவில்லை. பார்வைத் தூரம் மோசம், ரேடியோவும் செத்துவிட்டது. அந்தப் பக்கம் மே மாதம் என்றால் குளிர்காலத்தின் வாசல். சீக்கிரம் இருட்டி, புயலும் எழுந்து ரப்பர்ப் படகுகளைச் சிதறடித்தது. 700-க்கும் மேற்பட்டவர்களை அடுத்த இரண்டு மூன்று நாளில் மீட்டார்கள். கான்கரர் பிறகு திரும்பி வந்தபோது டெஸ்ட்ராயர் மீட்பு வேலையில் இருந்தது, தாக்காமல் விலகிவிட்டது.

இதன் பலன்: அர்ஜென்டினாவின் மேற்பரப்புக் கடற்படை கரையோரம் ஒதுங்கியது, போர் முடியும் வரை வெளியே வரவில்லை. விமானந்தாங்கியும் சேர்த்துத்தான். பதிலடி விமானப் பக்கமிருந்து வந்தது. மே 4-ல் பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் ஷெஃபீல்ட் மேல் எக்ஸோசெட், 20 பேர் பலி.

#10 வடமராட்சியான்

வணக்கம் அண்ணைமார். நான் இங்கிலாந்திலை இருக்கிறன். கொஸ்போர்ட்டிலை நீர்மூழ்கி மியூசியம் ஒண்டு இருக்கு. கான்கரரின்ரை பெரிஸ்கோப், கப்டனின்ரை அறை, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் கழட்டிக் கொண்டுவந்து வைச்சிருக்கினம். உதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை எண்டுதான் எழுதுறன்.

கப்டனின்ரை அறை எண்டால் ஏதோ பெரிசெண்டு நினைச்சுக்கொண்டு போனன். ஒரு கட்டில், மடிக்கிற மேசை, அவ்வளவுதான். நூறு சொச்சம் பேரிலை தனி அறை உள்ள ஒரே ஆள் அவர்.

இன்னொண்டு. 1982 யூலை மாதம் ஸ்கொட்லாந்திலை இருக்கிற ஃபாஸ்லேன் தளத்துக்குத் திரும்பி வரேக்கை மண்டையோட்டுக் கொடி பறக்கவிட்டுக்கொண்டு வந்தவை. அதிலை ஒரு அணுச் சின்னம், குறுக்காய் டோர்பிடோ, குரூசரின்ரை உருவம், பிறகு ஒரு குத்துவாள். குத்துவாள் எதுக்கெண்டு தெரியுமோ?

#11 முத்துநகர்

தெரியும் அண்ணை, கேட்டது நல்லது. குத்துவாள் ரகசியப் பணிக்கு. கிளம்பும்போதே எஸ்.பி.எஸ். சிறப்புப் படை வீரர்கள் சிலரை ஏற்றிக்கொண்டுதான் போனது, தெற்கு ஜார்ஜியா தீவை மீட்கிற வேலைக்காக. கரையோர உளவும், ஆட்களை ரகசியமாகக் கரையில் இறக்குவதும் ஒரு தாக்குதல் நீர்மூழ்கியின் அன்றாடத்தில் சேர்த்தி.

கொடிக்கு ஒரு பழைய வன்மம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்மிரல் ஆர்தர் வில்சன் நீர்மூழ்கி ஆட்களைக் கடற்கொள்ளையர் மாதிரி தூக்கில் போட வேண்டும் என்று பேசியவர். 1914-ல் ஈ9 நீர்மூழ்கியின் மேக்ஸ் ஹார்ட்டன் ஒரு ஜெர்மன் குரூசரைக் கவிழ்த்துவிட்டு வரும்போது, அப்படியே ஆகட்டும் என்று கொள்ளையர் கொடியை ஏற்றினார். அன்றிலிருந்து அது மரபு. கான்கரர் ஏற்றியபோது பிரிட்டனில் பலர் முகம் சுளித்தார்கள்.

#12 பழைய சோனார்

கொடியைவிட எனக்குப் பிடித்தது அந்த ஒயர் கதை. நீர்மூழ்கி ஆழத்தில் இருந்தபடியே செய்தி கேட்க நீளமான மிதக்கும் ஆண்டெனா ஒயரைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். பெல்கிரானோவுக்குப் பிறகும் ரோந்து தொடர்ந்தபோது கான்கரரின் ஒயர் அறுந்து சொந்தப் புரொப்பல்லரிலேயே சுற்றிக்கொண்டது. சுழலும்போது சத்தம். நீர்மூழ்கிக்குச் சத்தம் வந்தால் அது ஒளிந்திருப்பதில் அர்த்தமே இல்லை.

என்ன செய்தார்கள்? எதிரி விமானம் வரக்கூடிய கடலில் மேலே வந்து நின்று, பெட்டி ஆபீசர் பதவியில் இருந்த ஒருவரைக் கயிற்றில் கட்டிக் கொந்தளிப்பில் இறக்கினார்கள். அவர் கத்தியால் ஒயரை அறுத்து எடுத்தார். அந்த நேரம் வானத்தில் ஏதாவது தெரிந்திருந்தால் கேப்டனுக்கு ஒரே வழி, மூழ்குவது. வெளியே இருந்தவருக்கும் அது தெரியும். பதக்கம் கொடுத்தார்கள். மார்க் 8-ஐ அமுக்கிய கையைவிட இந்தக் கைதான் என் கணக்கில் மேல்.

#13 கேள்விக்குறி

இதோட சர்வீஸ் கதை முடிஞ்சுதா? 1990 வரைக்கும் வேற ஒண்ணும் பெரிசா இல்லையா?

#14 முத்துநகர்

இருக்கிறதே! என் கட்சிக்கு உண்மையான சாட்சியே இனிமேல்தான். தெற்கு அட்லாண்டிக்கிலிருந்து திரும்பிய சில வாரத்தில், அதே ரெஃபர்ட்-பிரவுன் தலைமையில், கான்கரர் வடக்கே பேரன்ட்ஸ் கடலுக்குப் போனது. ஆபரேஷன் பார்மெய்ட். 2012-ல்தான் வெளியே வந்தது.

விஷயம் இது. சோவியத் கடற்படை புதிதாக ஒரு இழுவை சோனார் வைத்திருந்தது: கப்பலின் பின்னால் மைல் கணக்கில் நீளும் கேபிளில் ஒலிவாங்கிகள். மேற்கத்திய நீர்மூழ்கிகளை எவ்வளவு தூரத்தில் கேட்க முடிகிறது என்று தெரிய அதையே கைப்பற்ற வேண்டும். போலந்துக் கொடி கட்டிய ஓர் உளவுக் கப்பல் அதை இழுத்துக்கொண்டு போனது. கான்கரரின் முகப்பில் அமெரிக்கர்கள் கொடுத்த வெட்டுக் கருவியைப் பொருத்தினார்கள், டிவி கேமரா வைத்து இயக்குவது. பின்னாலிருந்து அடியில் நுழைந்து, அந்தக் கப்பலின் புரொப்பல்லருக்கு சில மீட்டர் கீழே, அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். ஒரே வெட்டாக வெட்டினால் சந்தேகம் வரும். எலி கயிற்றைக் கடிப்பது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார்கள். கடலடியில் எதிலோ சிக்கி அறுந்தது என்று மேலே இருப்பவன் நினைக்க வேண்டும். அறுத்த கேபிளோடு நழுவி, தூரமாகப் போய்ப் பத்திரப்படுத்தினார்கள். சரக்கு அமெரிக்காவுக்குப் போனது.

ஒரு டார்பிடோ சுடவில்லை, ஒருவர் சாகவில்லை, முப்பது வருஷம் யாருக்கும் தெரியவில்லை. இந்த வகைக் கப்பலைக் கட்டியதே இந்த மாதிரி வேலைக்குத்தான். மதுமிதா சொன்ன பதிவேடு காணாமல் போனதற்கும் இந்த ரகசியத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2012-ல் ஒரு வாதமும் வந்தது.

#15 மதுமிதா

அதை நான் படித்திருக்கிறேன். பெல்கிரானோவை மறைக்கப் பதிவேட்டை அழித்தார்கள் என்று ஊரே நம்பியது. மறைக்க வேண்டியது வேறு ஒன்றாக இருந்திருக்கலாம் என்றால் கதை தலைகீழ். ஆனால் ஒன்று. பெல்கிரானோ எந்தத் திசையில் போனது என்பதைப் பொதுமக்கள் பக்கம் உறுதிப்படுத்த உதவியவற்றில் கான்கரரிலேயே இருந்த ஓர் இளம் அதிகாரியின் டைரியும் உண்டு. இந்திய வம்சாவளி. நூறு பேர் வாயைப் பூட்டினாலும் ஒருவர் எழுதி வைத்துவிடுகிறார், அந்த வகையில் எனக்குச் சந்தோஷம்.

முத்துநகர் கட்சியில் பாதிக்கு வருகிறேன். துரத்தல் பெரிசுதான். ஆனால் பார்மெய்ட்டும் பெல்கிரானோவும் ஒரே திறமை: தெரியாமல் பின்னால் நிற்பது. ஒன்றில் கேபிள் போனது, இன்னொன்றில் 323 பேர். எது நடக்கும் என்பதை முடிவு செய்தது கரையில் இருந்தவர்கள். அதனால் கப்பலின் சரித்திரத்தைத் தனியாகப் பிரித்து எழுத முடியாது என்பதில் நான் மாறவில்லை.

#16 வடமராட்சியான்

உது நியாயம்.

#17 பழைய சோனார்

1988-ல் அயர்லாந்துக்கு வடக்கே ஒரு பாய்மரப் படகை மோதி மூழ்கடித்ததையும் கணக்கில் சேர்க்கணும். பெல்கிரானோவை ஒரு நாளுக்கு மேல் தவறவிடாமல் தொடர்ந்த கப்பல், அமைதிக் காலத்தில் தலைக்கு மேல் இருந்த படகைக் கவனிக்கவில்லை. எஞ்சின் போடாத பாய்மரம் சத்தமே போடாது. சோனார்காரனுக்கு அதைவிடக் கெட்ட சொப்பனம் கிடையாது.

#18 கேள்விக்குறி

இப்போ கப்பல் எங்க இருக்கு? உடைச்சாச்சா?

#19 முத்துநகர்

1990 ஆகஸ்டில் ஓய்வு. கழற்றி மியூசியத்துக்குக் கொடுத்தது போக உடல் டெவன்போர்ட்டில் நிற்க வைக்கப்பட்டது, மற்ற ஓய்வு பெற்ற அணுசக்தி நீர்மூழ்கிகளோடு வரிசையாக. அணு உலைப் பகுதியை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் நின்றது. பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி ட்ரெட்நாட் 1980-ல் ஓய்வு பெற்றது, அதுவே பல பத்தாண்டு ரோசைத்தில் கட்டிக் கிடந்தது. கான்கரர் சேவை செய்த காலத்தைவிடச் சும்மா நின்ற காலம் அதிகம்.

வுட்வர்டின் ஹெர்மிஸ் வந்த வழி வேறு. 1987-ல் நம்மிடம் வந்து விராட் ஆகி, 2017 வரை ஓடி, அலங்கில் உடைபட்டது. அணு உலை இல்லாததால் இரும்புக் கடைக்குப் போக முடிந்தது.

#20 பழைய சோனார்

அதே விராட் 1982-ல் ஹெர்மிஸாக இருந்தபோது அதைத் தேடி அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் என்ற டீசல் நீர்மூழ்கியும் சுற்றியது. ஜெர்மன் டைப் 209. குறிகாட்டுக் கணினி வேலை செய்யாமல் டார்பிடோ சுட்டார்கள், ஒன்றும் படவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் அதைத் தேடித் தேடித் திமிங்கலத்தின் மேல் எல்லாம் குண்டு போட்டார்கள். நான் முன்னே சொன்ன 'டீசலால் துரத்த முடியாது' கட்சிக்கு அது நல்ல பரீட்சை. சான் லூயிஸ் துரத்தவே இல்லை, காத்திருந்தது.

#21 முத்துநகர்

அதுக்குத் தனி இழை போடுங்கள் சார், நான் எதிர்க்கட்சியில் உட்காருகிறேன்.